பிரேக் பேட் வாங்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வண்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உதிரிபாகக் கடைக்கு பேட் கேட்டு வருபவர்கள் எந்த ஊரிலும் கேட்பது இரண்டுதான்: எது நல்ல கம்பெனி, எத்தனை கிலோமீட்டர் ஓடும். நம் மாவட்டங்களில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொள்ளும்: "தொப்பூர் இறக்கத்தைத் தாங்குமா?" தருமபுரி-சேலம் ரோட்டில் வரும் நீண்ட மலை இறக்கம் அது. அந்தப் பயத்திலேயே சிலர் தேவைக்கு மேல் விலை கொடுத்து பேட் வாங்குகிறார்கள். அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே கொஞ்சம் கூடுதலாக இடம் ஒதுக்கியிருக்கிறேன். இது வீட்டுக் கார், சிறிய பிக்அப், பைக் ஓட்டுபவர்களுக்கு. ஏர் பிரேக் வைத்த லாரி, பஸ் கதை வேறு.

தினசரி ஓட்டத்துக்கு எந்த வகை பேட் வாங்கலாம்?

வண்டி புதிதாக வந்தபோது எந்த வகை இருந்ததோ, அதே வகை. பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால், கடையில் கிடைப்பவை மூன்று வகை. ஆர்கானிக் பேடில் ரெசின், ரப்பர், அராமிட் இழை, கண்ணாடி இழை மாதிரியான பொருட்கள் கலந்திருக்கும். மிதித்ததும் மென்மையாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும், பேட் இறுக்கிப் பிடிக்கும் தட்டு) அதிகம் தேய்க்காது. சூடு ஏறினால் பிடிப்பு தளர்வதும், கொஞ்சம் சீக்கிரம் தேய்வதும் அதன் குறை. செமி-மெட்டாலிக் பேடில் எடையில் சுமார் 30 முதல் 65 சதவீதம் வரை இரும்பு, செம்பு போன்ற உலோகம். சூட்டைத் தாங்கும், கனமான வண்டிக்கு ஏற்றது. ஆனால் காலைக் குளிரில் முதல் சில மிதிகளுக்கு முனகும், வீலில் கறுப்புத் தூசி படியும், டிஸ்க்கும் வேகமாகத் தேயும். செராமிக் பேட் இரண்டுக்கும் நடுவில் வருவது. சத்தம் குறைவு, தூசி வெளிர் நிறத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விலை கூடுதல்.

செராமிக் என்றதும் ரேஸ் கார் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ரேஸ் காரிலும் கோடி ரூபாய் கார்களிலும் வருவது கார்பன்-செராமிக் டிஸ்க். அது வேறு பொருள். நீங்கள் கடையில் வாங்கும் செராமிக் பேட் அமைதிக்கும் சுத்தத்துக்கும் பேர் போனது, ரேஸுக்கு இல்லை.

சின்னக் கார், டவுன் ஓட்டம், மாதத்துக்கு ஓரிரு முறை சேலமோ பெங்களூருவோ என்றால் ஆர்கானிக் அல்லது செராமிக். பென்னாகரம், வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலை ரோட்டில் வாராவாரம் பாரத்தோடு இறங்குபவர், தன் மாடலுக்கு செமி-மெட்டாலிக் பேட் பட்டியலில் இருந்தால் அதைப் போடலாம்.

விலை கூடிய பேட் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

பெரும்பாலும் நிற்காது. பேட் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. 2019 ஏப்ரலிலிருந்து விற்பனைக்கு வரும் புதிய கார்களில் ஏபிஎஸ் (அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) கட்டாயம். உங்கள் காரை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் கடகடவென்று அதிர்கிறதா? அப்படியென்றால் இப்போதுள்ள பேடே டயரின் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் வலுவான பேட் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தப் பணத்தை வழுக்கையாகிப்போன டயருக்குச் செலவிடுங்கள்.

தொப்பூரில் இறங்கும்போது பிரேக் கருகின வாசனை வருகிறது. நல்ல பேட் மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்ற வேண்டியது பேட் என்பதைவிட கியர் என்பேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரேயடியாக நின்றால், பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வேகம் கூடாமல் பிரேக்கை வைத்தே பிடித்துக்கொண்டு வந்தால் விழுங்க வேண்டியது சுமார் 12 லட்சம் ஜூல். அதாவது 80-லிருந்து நான்கு முறை அடுத்தடுத்து நிற்பதற்குச் சமம், நடுவில் ஆற நேரமே இல்லாமல். இறக்கம் நீள நீள அது அப்படியே கூடிக்கொண்டே போகும். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இரட்டைப் பாலம் வரை இறக்கத்தில் காலை பெடலிலேயே வைத்துக்கொண்டு வருபவரின் முன் டிஸ்க்குகளுக்கு நடப்பது இதுதான்.

சூடு ஏறினால் இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் குறையாது: இது பேட் சூடாகிப் பிடிப்பை இழப்பது. பேடில் உள்ள ரெசின் கருகி வாயு வெளிவந்து, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் படலமாக நிற்கும். வாசனை வருவதும் அதனால்தான். இன்னொரு விதம், பெடல் பஞ்சாகிக் கீழே போய்விடுவது: இது பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாவது. முதலாவதற்கு நல்ல பேட் ஓரளவு உதவும். இரண்டாவதற்கு எந்த பேடும் உதவாது. ஆபத்தானதும் அதுதான், ஏனென்றால் கடைசி நிமிடம் வரை எந்த அறிகுறியும் காட்டாது.

செய்ய வேண்டியது, இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடும்போது மட்டும் அழுத்தமாக மிதித்து, குறைந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே வருவதுதான் பேடைச் சுடும். ஆட்டோமேட்டிக் கார்களில் கீழ் கியரிலேயே வைத்திருக்கும் வசதியோ, ஸ்டீயரிங் பக்கத்தில் கியர் மாற்றும் துடுப்பு மாதிரியான பட்டையோ இருக்கும். இருப்பது தெரியாமலே ஓட்டுபவர்கள் நிறைய. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலேட்டரில் கால் இல்லையென்றால், எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

ஓசூரிலிருந்து சூளகிரி, மேலுமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் பக்கத்துக்கும், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குவதற்கும் இதே பதில்தான்.

வாசனையோ புகையோ வந்துவிட்டது. உடனே என்ன செய்வது?

வளைவில் நிறுத்தாதீர்கள். அகலமான, பின்னால் வரும் லாரிக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒதுங்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்தோ விரிசல் விட்டோ போகும். பிறகு கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பிரேக் ஆயில் எப்போது மாற்ற வேண்டும்?

பேடைப் பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் சேரச் சேர கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் சேர்ந்த பின் அந்த எல்லை 140 ஆகிவிடும். டாட் 4-க்கு அது 230, ஈரம் சேர்ந்தால் 155. அடிக்கடி இறக்கத்தில் ஓடுகிற வண்டிக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டும். உங்கள் வண்டிக்கு எந்த டாட் என்பது வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியிலேயே இருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

லெவல் குறைந்திருந்தால் உடனே மேலே ஊற்றிவிடாதீர்கள். பேட் தேயத் தேய, காலிப்பரில் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) உள்ள பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். லெவல் மெல்லக் குறைவது பேட் தேய்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். ஊற்றி நிரப்பிவிட்டுப் பிறகு புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட் பாழாகும்.

பேடின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துகளுக்கு என்ன பொருள்?

நீளமாக எழுத்தும் எண்ணுமாக இருக்கும் வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றை மட்டும் பாருங்கள். அவை உராய்வு அளவு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. தினசரிக் காருக்கு எஃப்-எஃப் தாராளம். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த அளவைக் காட்டினால் (எஃப்-இ மாதிரி), சூட்டில் தளர்கிற பேட் என்று பொருள், அது மலை ரோட்டுக்கு வேண்டாம். ஆனால் இது தரச் சான்று இல்லை. எவ்வளவு நாள் உழைக்கும், சத்தம் போடுமா என்பதை இந்த எழுத்து சொல்லாது.

வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஒரு எண்ணும், கூடவே ஆர்90 என்றும் இருந்தால் நல்லது. அது ஐரோப்பிய விதி. அதன்படி மாற்று பேடின் உராய்வு ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

எந்த கம்பெனி? டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி கம்பெனியின் ஒரிஜினல் பாக்கெட், இல்லாவிட்டால் பிரேக்கையே தொழிலாகச் செய்யும் கம்பெனி. பிரேக் விஷயத்தில் நம் மாநிலத்துக்குப் பஞ்சமில்லை: ரானே, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாமே சென்னைக் கம்பெனிகள். பாஷ், பிரெம்போவும் கிடைக்கின்றன. இவற்றுக்குள் எது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கையில் வாங்கியது அசல்தானா என்று பார்ப்பது முக்கியம்.

பாக்கெட்டில் எழுத்துப் பிழை, மங்கலான அச்சு, பேட்ச் எண் இல்லாமை, ரசீது தர மறுப்பது, பாதி விலை: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே சந்தேகப்படலாம். பாக்கெட்டைப் பிரித்து நான்கு பேடையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று கனம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின் தகட்டுக்கும் பேடுக்கும் நடுவில் இடைவெளியோ விரிசலோ கூடாது, ஓரம் பொடியாக உதிரக் கூடாது. பேட் தகட்டிலிருந்து கழன்று வருவதுதான் மட்டமான பேடின் மோசமான முடிவு. தேய்வதைக்கூட மன்னிக்கலாம்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்?

புது பேடில் உராயும் பகுதி கார்களில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். "அண்ணா, இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாங்கும்ங்க" என்று மெக்கானிக் சொல்வது பல நேரம் உண்மைதான், ஆனால் மெல்லிய பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்குக் கடத்தும். சமவெளியில் ஓட்டுபவர் அந்த ரெண்டாயிரத்தை ஓட்டிக்கொள்ளட்டும்.

கிலோமீட்டர் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முன் பேட் 30,000 முதல் 50,000 வரை வருவது சகஜம். ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் போய் வருபவருக்கு இதில் பாதிதான் வந்தாலும் ஆச்சரியமில்லை. அரூர் பக்கம் காலியான ரோட்டில் ஓட்டுபவருக்குக் கூடவே வரும். பல பேடுகளில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும், தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். கீச்சொலி கரகரப்பாக மாறினால் இரும்பு இரும்பை அறுக்கிறது என்று அர்த்தம், டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம், ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று கேட்பது. காலிப்பர் எதன்மேல் நகர வேண்டுமோ அந்த இரும்பு ஊசி (ஸ்லைடு பின்) காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நிற்கும். ஒரே சக்கரத்தில் உள் பேட் மெலிந்து வெளி பேட் தடித்து இருந்தாலும் இதே நோய். இதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும், பழி பேட் கம்பெனி மேல் விழும்.

புது பேட் போட்டபின் பிரேக் மந்தமாக இருக்கிறது, சத்தமும் வருகிறது.

புது பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். விடிகாலையில் வண்டி வராத நேரான ரோடு ஒன்றைப் பிடித்து, 50 வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு அவசரம் இல்லாமல் அடித்து மிதிக்க வேண்டாம். புது பேட் போட்ட கையோடு சேலம் கிளம்பி தொப்பூர் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

அதற்குப் பிறகும் கீச்சென்றால் பேடின் பின்னால் வர வேண்டிய மெல்லிய ஷிம் தகடு போட்டார்களா, ஸ்லைடு பின்னுக்குப் பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். சாதாரண கிரீஸ் வைத்தால் சூட்டில் உருகும், ரப்பரையும் கெடுக்கும். மிதிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க்கின் கனம் ஒரு சீராக இல்லை என்று பொருள். லேத்தில் கொடுத்து மட்டம் பண்ணலாம், ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போனால் புதிது வாங்கிவிடுங்கள்.

குவாரி ரோட்டில் தினமும் போகிறேன். டிஸ்க்கில் கோடு கோடாக விழுகிறது.

கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது வார்ப்பிரும்பு டிஸ்க்கைவிடக் கடினம். அந்தத் தூசி பேடில் பதிந்தால் உளி மாதிரி டிஸ்க்கைக் கீறும். நகத்தில் லேசாகத் தட்டுப்படும் கோடுகளால் பயமில்லை. ஆழமாக இருந்தால் பேடைக் கழற்றிப் பதிந்த கல்லை எடுக்க வேண்டும். இங்கே பேடின் வகையால் பெரிய வித்தியாசம் வராது. மாதம் ஒருமுறை வீல் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், டிஸ்க் ஆறிய பிறகு.

மழை பெய்த மறுநாள் காலை டிஸ்க்கில் துரு?

நாலு மிதியில் போய்விடும். விடுங்கள்.

பிக்அப்பில் தக்காளி, மாங்காய் ஏற்றுகிறேன். முன் பேட் சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது.

ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிக்குப் போகும் வண்டிகளில் இந்தப் புகார் சீசனுக்கு சீசன் வரும். பாரத்தோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை இரண்டு மடங்கானால் பிரேக் வேலையும் இரண்டு மடங்கு, அது ஒரு பக்கம். இன்னொன்றை யாரும் சந்தேகிப்பதில்லை: பாரம் தாங்கட்டும் என்று லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பது.

பல பிக்அப்களில் பின் அச்சுக்கு மேல் ஒரு வால்வு இருக்கும். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறதோ அதை வைத்துப் பாரத்தை அறிந்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்பலாம் என்று அது முடிவு செய்யும். பட்டை சேர்த்தால் பாரம் ஏற்றியும் வண்டி அமுங்காது. வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும், முழு வேலையும் முன் பேட் தலையில். பட்டை சேர்த்திருந்தால் அந்த வால்வைத் திரும்ப செட் செய்யச் சொல்லுங்கள். பின் டிரம் பிரேக்கில் பேடுக்குப் பதிலாக இருக்கும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் இதே கதைதான், ஆகவே முன் பேட் மாற்றும்போதெல்லாம் பின் டிரம்மையும் கழற்றிப் பாருங்கள்.

பைக்குக்கு சின்டர்டு பேட் போடலாமா?

வண்டியோடு அதுதான் வந்தது என்றால் போடுங்கள். உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்வது அது. மழையிலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும். ஆர்கானிக்குக்காகச் செய்த டிஸ்க்கில் போட்டால் டிஸ்க்கைத் தின்றுவிடும். 125 சிசி வரை உள்ள தினசரி பைக்குக்கு அதற்கு அவசியம் இல்லை.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேடே தேயாது என்கிறார்களே?

போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிற மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால் பேட் மெதுவாகத்தான் தேயும். ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது அந்த உதவி குறைந்துவிடும். முழு சார்ஜோடு கிளம்பி உடனே இறக்கத்தில் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதிகம் பயன்படாத பேட் இறுகிப்போவதும் உண்டு, வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே மாற்றலாமா?

பைக்குக்குச் செய்யலாம். காரில், பின்பக்கம் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் வேண்டாம், அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் உடையும். யார் மாற்றினாலும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். தள்ளிய பிஸ்டன் திரும்ப பேடைத் தொடும் வரை பிரேக்கே இருக்காது, ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடிப்பது இதனால்தான்.

உள்ளே படிந்த தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள். பழைய, பேர் தெரியாத பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத் துணியிலோ துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடச் சொல்லுங்கள்.